வயலின் இல்லாமல் ரெண்டாம் சங்கு

சித்திரை மாதம், சீசன் உச்சத்தில் இருக்கும்போது, ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போகாமல் ஒரு படம் பார்ப்பதற்காகக் குன்னூர் போகிறவளைப் பார்த்தால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அதுவும் சனிக்கிழமை சஷ்டி.

"விரதத்தோட ராக் பேண்டு படமா? முருகன் பாத்துக்கிட்டிருக்கானாக்கும்" என்றார்.

"பாக்கட்டுங்க. பாட்டையுங்கூடக் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ரெண்டாம் சங்கு' நீலகிரித் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய ராக் இசைக் குழு. ஃபேக்டரியில் காலையில் இரண்டு முறை சங்கு ஊதும். முதல் சங்குக்கு எழுந்திருக்க வேண்டும், ரெண்டாம் சங்குக்குள் வேலையில் நிற்க வேண்டும். அதற்கப்புறம் வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. அதையே பேராக வைத்துக்கொண்டார்கள். தேயிலை விலை முதன்முதலில் படுத்த வருடங்களில் தொடங்கிய குழு அது. எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்து குந்தாவுக்கு மாற்றலாகிப் போனவர், ஒரு பொங்கலுக்கு வந்தபோது அவர்களுடைய கேசட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். அன்று பிடித்தது. வெள்ளிக்கிழமை பூஜை முடித்து, கற்பூரத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கேசட்டைப் போட்டுத்தான் மாவாட்டுவேன். இரண்டையும் ஒரே காதால்தான் கேட்கிறேன். எனக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் வருகிறது.

அந்தக் குழுவைப் பற்றி ஒரு சென்னைத் தம்பி ஆவணப்படம் எடுத்திருக்கிறார், சனிக்கிழமை மூன்று மணிக்குக் குன்னூரில் திரையிடல் என்று எங்கள் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் வந்தது. மொத்தம் பத்தொன்பது பேர் இருக்கிற குழு. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், பல வருடங்களுக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து வாசிக்கப் போகிறார்கள், கோயில் கமிட்டி ஒத்துக்கொண்டால். கமிட்டி படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருக்கிறது. அந்த 'ஒத்துக்கொண்டால்' தான் என்னைக் கிளப்பியது.

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் பத்து ரூபாய். மலை ரயில் காலை ஏழு பத்துக்கு. ஆனால் சீசனில் அதற்கு டிக்கெட் கிடைப்பதைவிட மோட்சம் கிடைப்பது சுலபம், அதனால் அந்த ஆசையே வைக்காதீர்கள். குன்னூருக்கு பஸ், முப்பத்து நான்கு கிலோமீட்டர், முப்பத்தெட்டு ரூபாய், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. கல்லாறு தாண்டியதும் ஜன்னலோரக்காரர்கள் வாந்திக்குத் தயாராகிவிடுவார்கள், நடு இருக்கையில் உட்காருங்கள். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம். எனக்குச் சுற்றுலா வண்டிகளால் இரண்டேமுக்கால் ஆனது. பர்லியாரில் பஸ் நின்றபோது வாழைப்பழமும் பாலும் வாங்கிக்கொண்டேன், விரதத்துக்கு அது போதும்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு லாட்ஜ், சீசன் வாடகை தொள்ளாயிரம். கவுன்டரில் இருந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, கூட யாருங்க வந்திருக்கறாங்க என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். எதுக்கு வந்திருக்கறீங்க என்றார். ராக் பேண்டு என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். தனியாக வரும் பெண்களுக்கு இந்தப் பதிலைச் சிபாரிசு செய்கிறேன்.

திரையிடல் ஒரு சிறிய மண்டபத்தில், டிக்கெட் ஐம்பது. நூறு நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. முன்வரிசையில் சால்வை போட்ட குன்னூர்ப் பெரிய மனிதர்கள். பின்னால் முழுக்கத் தோட்டத்து ஜனங்கள், இரண்டு ஜீப்பில் வந்திருந்தார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்தேன். என் பக்கத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மடியில் பொரி பொட்டலம். எனக்கும் நீட்டினார். விரதம் என்றேன். "அப்ப நாங்க ரெண்டு பங்கா திங்கிறோம்" என்று தன் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தார்.

படத்தைப் பற்றி நியாயமாக எழுதுகிறேன். நன்றாக இருந்ததை முதலில். தர்மன், பாடகர், இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. பெள்ளி, கிட்டார், படுகர், சொந்தமாக ஒன்றரை ஏக்கர் தேயிலை. சேகர், டிரம்ஸ். காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடித்துப் பழகியவர், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மூன்று பேரையும் அவரவர் இடத்திலேயே வைத்துப் பேச வைத்திருந்தார் அந்தத் தம்பி. யாரும் வாங்காத இலையைப் பெள்ளியின் அப்பா ரோட்டோரம் கொட்டிய நாளில், அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் லாரி மேல் ஏறி நின்று மூவரும் வாசித்தார்கள். யாரோ பழைய கேமராவில் பிடித்த அந்த நாற்பது வினாடி, இதற்காகவே ஐம்பது ரூபாய் தகும். 'வெல எறங்கட்டும், நாங்க எறங்க மாட்டோம்' என்ற வரியை நான் கேசட்டில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எந்த இலைக்கு முன்னால் நின்று பாடினார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

இனி குறை. ஒன்றேகால் மணி நேரப் படத்தில் ஒரு பாட்டுகூட முழுசாக இல்லை. நீங்கள் ஒரு இசைக் குழுவைப் பற்றிப் படம் எடுக்கிறீர்கள், ஒவ்வொரு பாட்டும் பல்லவி முடிவதற்குள் யாராவது ஒருவர் வந்து அதன் மேலேயே பேசுகிறார். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றுவதற்குள் இலையை எடுக்கிற மாதிரி. மீதி நேரமெல்லாம் பனிமூட்டம். 'மலை மௌனமாக அழுதது' என்று ஒரு கனத்த குரல். மலை அழுவதை நான் பார்த்ததில்லை, சுற்றுலா பஸ்காரர்கள் திட்டுவதைத்தான் கேட்டிருக்கிறேன். தேயிலை விழுந்தது, குழுவும் விழுந்தது, பாவம் என்பதுதான் படத்தின் கணக்கு. விலை விழுந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு கிலோ பச்சை இலைக்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கிற காசுகூட வருவதில்லை. அந்த நிலைமையில் பாட்டு எழுதியவர்களைப் பாவம் என்பதா, கெட்டிக்காரர்கள் என்பதா?

கடைசிக் காட்சி. தர்மன் இப்போது வேலை செய்கிற ஃபேக்டரி. வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. காய்ந்த தேயிலையைச் சலித்து ரகம் பிரிக்கிற அறையில் அவர் நிற்கிறார். கேமரா முகத்துக்கு அருகில் போகிறது. கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது, வழிகிறது, துண்டால் துடைக்கிறார், மறுபடி வழிகிறது. பின்னால் ஒரு வயலின். 'இன்று இந்த மலையில் அந்தச் சங்கு ஒலிப்பதில்லை' என்று எழுத்து வந்து, திரை இருண்டது.

நான் அழுதுவிட்டேன். சத்தமாகவே. பதினைந்து வருடப் பாட்டு அல்லவா.

அப்போதுதான் என் வரிசை முழுக்கச் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கி, பிறகு பொத்தாமலே. பச்சை ஸ்வெட்டர் பெண் என் தோளைத் தொட்டார்.

"ஏங்க்கா அழுவுறீங்க? அது தூசுக்கா. சலிக்கிற ரூம்புல பஞ்சு மாரி பறக்கும். யாரு போயி நின்னாலும் கண்ணுலயும் மூக்குலயும் ஊத்தும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நா தெனமும் அங்கதான் நிக்கிறேன். அவரு எங்க வீட்டுக்காரரு."

அந்தப் பெண்ணின் பேர் சரசு, தர்மனின் மனைவி. முன்வரிசைக்காரர்கள் திரும்பி எங்களை முறைத்தார்கள். படம் எடுத்த தம்பியின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அழுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் சிரித்தால் யாருக்குத்தான் தாங்கும்? கேள்வி நேரத்தில் நான் எழுந்து, ஒரு பாட்டையாவது முழுசாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். இது ஆவணப்படம் அம்மா, கச்சேரி இல்லை என்று பணிவாகவே சொன்னார். மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடிக்க வேண்டும் என்று உடனே கிளம்பியும் விட்டார்.

வாசலில் தர்மனைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், காதுக்கு மேல் நரை. அழுததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லக்கா. எனக்காக அழுவ கீழருந்து ஒருத்தராச்சும் பஸ் ஏறி வந்தீங்களே" என்றார். அந்தத் தம்பியிடம் சொல்லவில்லையா என்றேன். "சொன்னேன்க்கா. கண்ணு கரிக்குதுங்க, வெளிய போயி பேசலாமான்னேன். அப்படியே நில்லுங்க, ரொம்ப நல்லாருக்குன்னுட்டாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சரசு சிரிப்பதை நிறுத்தியிருந்தார். மண்டபத்துப் படியில் கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து அண்ணன் நின்றிருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோட்டத்துக்கு வெளியே மளிகைக் கடை வைத்திருப்பவர். நாளைக்குப் பேசிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஆகாது என்று அர்த்தம் என்றார் சரசு. தர்மன் ஒரு மாதமாக விடியற்காலையில் குரல் சாதகம் பண்ணுகிறாராம். சேகர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். "இந்தத் தடவை விட்டா மூணு பேரையும் ஒண்ணா நிக்க வைக்க முடியாதுக்கா. சேகரு அடுத்த வருசம் குடும்பத்தோட கீழயே போறாரு."

ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கே நின்றுவிட்டேன். குன்னூரிலிருந்து மஞ்சூருக்கு முப்பத்தாறு ரூபாய், ஒன்றரை மணி நேரம். பாதி வழி தேயிலை, பாதி வழி கேரட். கவாத்து வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலையைப் பார்த்தால், அந்தத் தோட்டத்துக்காரர் அதைக் கைவிட்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படி நிறைய இருந்தது. மஞ்சூரிலிருந்து பிக்கட்டிப் பக்கம் ஆறு கிலோமீட்டர், பகிர்வு ஜீப், நாற்பது ரூபாய். தோட்டத்தின் பேரை எழுத வேண்டாம் என்று சரசு கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

கோயில் சிறியது, ஆனால் ஆத்தாள் களையாக இருந்தாள். ஐம்பது ரூபாய்க்கு அர்ச்சனைத் தட்டு வாங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், இலை எடை போடுகிற கொட்டகையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. ஏழெட்டுப் பேர். மூன்று கலைஞர்களும் ஓரமாக, உறை அவிழ்க்காத கிட்டாரோடு நின்றிருந்தார்கள். சரசு என்னையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்.

நாச்சிமுத்து அண்ணன் கெட்டவர் இல்லை. இலை விலை படுத்ததிலிருந்து கோயில் வரி வசூல் பாதிகூட ஆகவில்லை, கீழிருந்து ஆர்கெஸ்ட்ரா கூப்பிட வழியில்லை, இவர்கள் சும்மா வாசிக்கிறோம் என்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு இரண்டு சங்கடம். ஒன்று, அந்தக் கூப்பாட்டை ஆத்தாளுக்கு முன்னால் வைப்பதா என்பது. அதற்கு நானே பதில் சொன்னேன். "ஏனுங்ணா, அக்கினிச்சட்டி எடுக்கறப்ப அடிக்கற அடிக்கு இது கால் பங்குகூட இல்லீங்களே. அதக் கேட்டு எறங்கி வர்றவ இதக் கேட்டு ஓடியா போயிருவா?" இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவதுதான் பெரிய சங்கடம். "நல்ல நாளும் அதுவுமா, அழுத மூஞ்சிய ஆத்தா முன்னால நிறுத்த முடியாதுங்க. ஊரே படத்துல பாத்துது. மனசு ஒடஞ்சு நிக்கறான் தர்மன். ஒடஞ்சவன் பாடுனா ஊருக்கு ஆகுமுங்களா?"

அது தூசு என்று சரசு சொன்னார். வீட்டுக்காரரை விட்டுக்கொடுப்பாயா நீ என்றார் நாச்சிமுத்து அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, கீழ இருந்து வந்த நீங்களே அழுதீங்க. என் கண்ணால பாத்தனுங்க. தூசுக்கா அழுதீங்க?"

அவர்களுக்காக மலை ஏறி வந்தவளின் கண்ணீர்தான் அவர்களுக்கு எதிரான சாட்சி. ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். நேற்று எதற்காக அழுதேன் என்று உண்மையாகவே யோசித்தேன்.

"வயலினுக்குங்ணா" என்றேன்.

எங்கள் ரசிகர் குழுவில் வந்த இரண்டு நிமிட முன்னோட்டம் என் போனில் இருந்தது. அங்கே சிக்னல் கிடையாது, வீட்டிலேயே இறக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். சத்தத்தை முழுசாகக் குறைத்து, அதிலும் வருகிற அந்தக் கடைசிக் காட்சியை ஓட்டி, நாச்சிமுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். எல்லோரும் குனிந்தார்கள். சலிக்கும் அறை. தர்மன். கண் ஒழுகுகிறது, துண்டால் துடைக்கிறார், அப்படியே மூக்கையும் துடைக்கிறார், துண்டை மடித்து மறுபடி மூக்கு. கடைசியில் வாய் மெல்லத் திறக்கிறது, மூக்கு சுருங்குகிறது, அவ்வளவுதான், வெட்டிவிட்டார்கள்.

"அடப்பாவி, தும்மப் போறான்" என்றார் கமிட்டியில் ஒருவர்.

நாச்சிமுத்து அண்ணன் போனை என் பக்கம் நீட்டினார். சத்தத்தை வையுங்க என்றார். வைத்தேன். வயலின் வந்தது. "இப்ப அழுவறான்" என்றார். அணையுங்க என்றார். அணைத்தேன். "இப்ப சளி புடிச்சிருக்குது." மறுபடி வைக்கச் சொன்னார், மறுபடி அணைக்கச் சொன்னார். நான்கு முறை. கொட்டகையே குலுங்கியது. தர்மன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் முகத்தை வைத்து இத்தனை பேர் சிரிப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நிமிர்ந்தபோது அவரும் சிரித்தார்.

"மூணு பாட்டு" என்றார் நாச்சிமுத்து அண்ணன் கடைசியில். "உச்சி பூசைக்கு முன்னால முடிச்சுப்போடோணும். செருப்புக் கழட்டிட்டு நிக்கோணும். ஜெனரேட்டருக்கு டீசல் வசூல்ல இருந்து தர முடியாது."

"டீசல் நான் கொண்டாந்துட்டேனுங்க" என்றார் பெள்ளி.

பத்தரைக்குத் தொடங்கினார்கள். மூன்று பாட்டு என்பதை அவர்கள் மீறவில்லை, ஒரு விதத்தில். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சேகர் கையை நிறுத்தவே இல்லை. ஒன்று முடிகிற அடியிலேயே இன்னொன்றைத் தொடங்கினார். நான் எண்ணியவரை ஆறு பாட்டு. எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று நாச்சிமுத்து அண்ணனுக்குப் பிடிபடவில்லை, அல்லது பிடிபடாத மாதிரி நின்றார்.

தர்மனின் குரல் கேசட்டில் இருந்த குரல் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தடித்திருக்கிறது, அடியில் கரகரப்பு. 'நாங்க எறங்க மாட்டோம்' என்று உச்சிக்குப் போகிற இடம் இருக்கிறதே, அங்கே அவர் போகவில்லை. பாதியில் நின்றார். அந்த இடத்திலிருந்து பெள்ளியின் கிட்டார் ஏறியது, அவர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே. தர்மன் அதற்குக் கீழே அதே வரியைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கேசட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தது. ஒரு மாதம் விடியற்காலையில் சாதகம் பண்ணியது உச்சியைத் தொடுவதற்கு இல்லை, எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்வதற்கு என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கதை கட்டினால் என்ன ஆகும் என்று முந்தைய நாள்தான் பார்த்தேன் அல்லவா.

உச்சி பூஜைக்குச் சாம்பிராணி போட்டபோது நாச்சிமுத்து அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். புகைங்க என்றார். சரிங்ணா என்றேன். பிரசாதப் பொங்கலில் என் விரதத்தை முடித்துக்கொண்டு, அதே ஜீப், அதே பஸ், இருட்டுவதற்குள் காரமடை. படம் எப்படி என்று வீட்டுக்காரர் கேட்டார். படம் பாதிதான், மீதியை ஆத்தா கோயிலில் பார்த்தேன் என்றேன்.

போக நினைக்கிறவர்களுக்கு. லாட்ஜ், பஸ், ஜீப், டிக்கெட், தட்டு, பழம், பால் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து முந்நூற்று எட்டு ரூபாய். சீசன் இல்லாத மாதத்தில் லாட்ஜ் பாதியாகிவிடும். மஞ்சூரிலிருந்து திரும்பும் பஸ்ஸைப் பிற்பகல் மூன்று மணிக்குள் பிடித்துவிடுங்கள். சித்திரையாக இருந்தாலும் ஸ்வெட்டர் வேண்டும். தேயிலை வாங்குவதென்றால் சுற்றுலாக் கடையில் வாங்காதீர்கள், ஃபேக்டரி வாசலில் வாங்குங்கள்.

படம் அடுத்து கோயமுத்தூரிலும் போடுவதாகச் சொல்கிறார்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள், அந்த லாரி நாற்பது வினாடிக்காக. கடைசிக் காட்சியில் வயலின் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளுங்கள். 'அந்தச் சங்கு ஒலிப்பதில்லை' என்று எழுத்து வருவதற்குள், அவர்கள் வெட்டிவிட்ட அந்தத் தும்மலை உங்கள் நாற்காலியிலிருந்து நீங்களே போட்டுவிடுங்கள். முன்வரிசை திரும்பி முறைக்கும். முறைக்கட்டும்.